'பாஸிட்டிவ்' என்றால் பயப்பட வேண்டுமா?

வீட்டில் ஒருவருக்கு டான்சிலிலோ அடிநாக்கிலோ புற்றுநோய் என்று பயாப்ஸி ரிப்போர்ட் வருகிறது. அதன் கீழே, 'பி 16 பாஸிட்டிவ்' என்று இன்னொரு வரி. 'ஐயையோ, இது வேறயா!' என்று இடிந்துபோய் உட்கார்ந்துவிடாதீர்கள். பாஸிட்டிவ் என்பதே நல்ல சேதியாக இருக்கிற அபூர்வமான இடம் இது!

பி 16 என்பது செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் ஒரு புரதம். 'பிரேக் அவ்வளவு இருந்துமா கட்டி வளர்ந்தது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சைக்கிளில் பிரேக் ஒயர் அறுந்துவிட்டால், பிடியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்குமா? அந்த ஒயரை அறுப்பது எச்.பி.வி. என்ற வைரஸ். செல் பாவம், பி 16-ஐ மேலும் மேலும் சுரந்து பிடியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஆக, பி 16 அதிகமாக இருந்தால், பெரும்பாலும் வைரஸ் வந்துபோன தடயம் என்று அர்த்தம்.

வைரஸால் வரும் இந்தப் புற்றுநோய் கதிர்வீச்சுக்கும் கீமோதெரபிக்கும் நன்றாகவே கட்டுப்படுகிறது. 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் வைரஸ் உள்ள பிரிவில் 82 சதவிகிதம். இல்லாத பிரிவில் 57. ஆனால், வருஷக்கணக்கில் சிகரெட் பிடித்தவர்களுக்கு இந்த அனுகூலம் குறைந்துபோனது. இன்னொன்று... நம் ஊரில் அதிகம் பார்க்கிற, வெற்றிலை-புகையிலை அடக்குவதால் வரும் கன்னப் புற்றுநோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

செல்லின் மேற்பரப்பில் 'காலிங் பெல்' மாதிரி ஈ.ஜி.எஃப்.ஆர். என்று ஒன்று உண்டு. அழுத்தினால், 'பெருகு' என்று உள்ளே சேதி போகும். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இந்த பெல் ஏராளம். அதை மூடிவைக்கும் மருந்துதான் செட்டுக்ஸிமாப். கதிர்வீச்சோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளில் பாதிப் பேர் உயிர்வாழ்ந்த காலம் 29 மாதத்திலிருந்து 49 மாதமானது. இது 2006-ல் வந்த முடிவு.

'அப்படியானால் பழைய சிஸ்பிளாட்டின் எதற்கு? வாந்தி, காது மந்தம்னு படுத்துமே!' என்று தோன்றும். டாக்டர்களுக்கும் தோன்றியது. வைரஸ் வகை நோயாளிகளுக்கு அதற்குப் பதிலாக செட்டுக்ஸிமாப் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான இரண்டு ஆய்வுகளிலும் பிழைத்தவர்கள் குறைவு. புது மருந்து, விலை கூடின மருந்து என்பதற்காக நீங்களாக வற்புறுத்தாதீர்கள்.

டாக்டரிடம் கேட்கவேண்டியது வேறு. கழுத்தில் நெறி கட்டியிருந்தால், முன்பு பல பேருக்கு 'நாலாம் கட்டம்' என்று எழுதிவிடுவார்கள். 2018 முதல் தொண்டைப் பகுதியின் பி 16 பாஸிட்டிவ் கட்டிகளுக்குத் தனிக் கணக்கு. அவர்களில் பலர் இப்போது முதல் கட்டத்தில் வருகிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.