கல்லும் தாழியும்

நெய்வேலியில் வாழும் நமக்கு மண்ணைத் தோண்டுதல் புதிதன்று. 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அடுத்த ஆண்டே மேல்மண் அகற்றும் பணி தொடங்கிற்று. ஆயினும் அம்மண்ணின்மேல் வாழ்ந்து மறைந்தோரை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இறந்தோரை மறவாமை தமிழரின் தொன்மையான பண்பு. பாறை மிகுந்த வட்டாரங்களில் அப்பண்பு கல்லாக நின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரிலும் விழுப்புரம் மாவட்டத்து உடையார்நத்தத்திலும் இரும்புக் காலத்து மனித வடிவக் கற்கள் உள்ளன. அவற்றில் கண்ணில்லை, வாயில்லை. தலையும் தோளும் போன்ற புறவடிவம் மட்டுமே உண்டு. பிரான்சு நாட்டு ரொடேஸ் நகரின் அருங்காட்சியகத்திலும் மனித உருவம் செதுக்கிய தொல்பழங்காலக் கற்கள் இருக்கின்றன. தொடர்பில்லாத இரு நாட்டு மக்களும் கல்லுக்கு மனித வடிவம் தந்தமை வியப்பன்றோ!

பின்னர்க் கல் பேசத் தொடங்கியது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்துடையவை. அவற்றுள் ஒன்று ஆநிரைப் பூசலைக் குறிக்கிறது. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. பல்லவர் காலத்தில் வீரனின் உருவம், பெயர், மன்னனின் ஆட்சியாண்டு ஆகியன கல்லில் இடம்பெற்றன. இத்தகைய கற்களைத் தொகுத்து மாநிலத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. தருமபுரி அருங்காட்சியகத்திலும் நடுகற்களைக் காணலாம்.

ஆனால் அருங்காட்சியகம் கல்லைக் காக்குமேயன்றி, அது நின்ற இடத்தைக் காக்க இயலாது. எந்தத் திசை நோக்கி நின்றது, அருகில் கல்வட்டம் இருந்ததா என்பவற்றைக் குறிக்காமல் பெயர்த்தெடுத்தால் பாதி வரலாறு அழிந்துவிடும்.

நம் வட்டாரம் செம்மண்ணும் மணற்கல்லும் நிறைந்தது, கடும்பாறை அரிது. எனவே இங்கு முன்னோரின் நினைவு பெரிதும் சுடுமண் தாழிகளில் உறைகிறது. பண்ணுருட்டிப் பகுதியிலுள்ள மருங்கூரில் தாழிகள் கிடைத்தன. 2024இல் அங்கு அகழாய்வும் தொடங்கியது. கல் கலப்பையைத் தாங்கும், தாழி தாங்காது. ஒரே அடியில் ஓடாகிவிடும்.

ஆகவே மாணவத் தோழர்களே! கிணறு வெட்டும்போதோ ஏர் உழும்போதோ கறுப்பும் சிவப்புமான பானை ஓடு கண்டால் எடுத்து எறியாதீர். இடத்தைக் குறித்துக்கொண்டு பேராசிரியரிடமோ கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ தெரிவியுங்கள். கல் நட்டவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.