வரியை வெறுப்பதேன்?

வரி என்னும் சொல்லைக் கேட்டு முகஞ் சுளியாதார் மிகச் சிலரே. வரி வசூலிப்பவர் தெருவில் வருகிறார் என்றால், கையிற் பணமுள்ளவனும் கதவைச் சாத்திக்கொள்கிறான். அதே மனிதன் வைசாக பூர்ணிமையன்று மனமுவந்து தானம் அளிக்கிறான். ஊர்ப் பொதுக் கிணற்றுக்குத் தன் பங்கைக் கேளாமலே கொடுக்கிறான். ஆகவே, மனிதன் கொடுப்பதையே வெறுக்கிறான் என்பது பொருந்தாது. வரி கொடுக்கும்போது மட்டும் அவன் உள்ளத்தை உறுத்துவது யாது என்பதே நாம் ஆராயத் தக்கது.

வரியின் தோற்றம்

தீக நிகாயத்திலுள்ள அக்கஞ்ஞ சூத்திரம் அரசின் தோற்றத்தைக் கூறுகிறது. நிலங்களுக்கு எல்லை வகுக்கப்பட்டபின் களவும், களவை மறைக்கப் பொய்யும், அதனால் அடிதடியும் உலகில் தோன்றின. மக்கள் ஒன்று கூடித் தங்களுள் தகுதி வாய்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். குற்றஞ் செய்தாரைக் கண்டிப்பது அவர் கடமை. அதற்காகத் தங்கள் நெல்லில் ஒரு பங்கு தருவது மக்கள் கடமை. மக்கள் அனைவரும் சம்மதித்து அமர்த்தியதால் அவர் மகாசம்மதர் எனப் பெயர் பெற்றார்.

இக்கதையின் உட்பொருளைக் கவனியுங்கள். வரி என்பது தெய்வத்துக்கு இடும் காணிக்கையன்று. வென்றவன் பறிக்கும் கொள்ளையுமன்று. சம்மதத்தின்பேரில், ஒரு வேலைக்காக, அளவோடு தரும் பங்கு அது. சம்மதம், பயன், அளவு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் பங்கு பறிப்பாகிவிடுகிறது, வெறுப்பு பிறக்கிறது.

வெறுப்பின் நியாயம்

நம் நாட்டு வரலாறு இதற்குச் சான்று. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்க மக்களைச் சித்திரவதை செய்வதாக எழுந்த புகார்களை விசாரிக்க 1854-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, புகார்கள் மெய்யே என்று உறுதிப்படுத்தியது. விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தனர். உடலை வளைத்துக் கயிற்றாற் கட்டினர். வெயிலில் நிறுத்தி, உண்ணவும் விடாது தடுத்தனர். விளைச்சல் பொய்த்த உழவனுக்கு வரி வசூலிப்பவன் எமனாகத் தோன்றியதில் வியப்பென்ன?

கொங்கணப் பகுதியில் கோத் எனப்பட்டோர், உழவரிடம் நிலவரி வசூலிக்கும் பரம்பரை உரிமை பெற்றிருந்தனர். அரசுக்கும் உழவனுக்கும் நடுவில் நின்ற அவர்கள், தங்களுக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, கூலியின்றி வேலையும் வாங்கினர். இம்முறையை ஒழிக்கப் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1937-இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் உழவர்கள் பம்பாயில் ஊர்வலமாகச் சென்று முறையிட்டனர். 1949-இல்தான் இம்முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. மகாராஷ்டிரத்தில் மகார் மக்களும், தமிழ்நாட்டில் வெட்டி, தோட்டி என அழைக்கப்பட்டோரும், வரி கட்ட வேண்டியவரை அழைத்து வரவும், வசூலான பணத்துடன் கஜானாவரை நடக்கவும் கடமைப்பட்டிருந்தனர். அரசின் பணம் பழுதின்றிப் போய்ச் சேர நம் முன்னோரின் கால்கள் வேண்டியிருந்தன. அப்பணத்தால் வந்த நன்மையில் அவர்களுக்குரிய பங்கோ மறுக்கப்பட்டது. இந்த அடிமைத் தொழிலின் கட்டைத் தளர்த்தவே பாபாசாகேப் 1928-இல் வத்தன் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார்.

தம்மம் காட்டும் அளவு

அசோக மன்னர் பட்டமேறி இருபது ஆண்டுகள் கழிந்தபின், பகவான் பிறந்த லும்பினிக்கு நேரிற் சென்று வழிபட்டார். அங்கு அவர் நாட்டிய தூண், அவ்வூருக்குப் பலி என்னும் வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே செலுத்துமாறு செய்ததைத் தெரிவிக்கிறது. ஆறில் ஒரு பங்கே மன்னனுக்குரியது என்பது பழைய வழக்கு. தம் பக்தியை உழவனின் சுமையைக் குறைத்துக் காட்டினார் அம்மன்னர்.

கூடதந்த சூத்திரம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. கொள்ளையர் மலிந்த நாட்டில் வேள்வி செய்ய விரும்பிய மகாவிஜிதன் என்னும் அரசனுக்கு, அவனுடைய புரோகிதர் அறிவு கூறுகிறார். இத்தருணத்தில் வரியை உயர்த்துவது முறையன்று. கொலைத் தண்டனையாலும் சிறையாலும் கொள்ளை ஒழியாது. உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், ஊழியனுக்கு உணவும் கூலியும் கொடு. அவரவர் தம் தொழிலில் ஈடுபடுவர். உன் வருவாயும் பெருகும் என்பதே அவர் அறிவுரை. முதலில் கொடுத்துப் பின்னர் வாங்குவதே நல்லரசின் முறை என்பது இதனால் விளங்கும்.

நம் உள்ளத்தையும் சோதிப்போம்

ஆயினும் எல்லா வெறுப்பும் நியாயமானதன்று. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும். செலவை மட்டும் பிறன் ஏற்க வேண்டும் என்னும் எண்ணம் லோபத்தின் பிள்ளை. கொடாமல் விடப்படுதலைத் திறமையாகப் பேசுவோரும் உளர். இதில் விநய பிடகம் மிகக் கண்டிப்பானது. சுங்கத்துக்குரிய பொருளை, ஏய்க்கும் எண்ணத்துடன், சாவடியைத் தாண்டிக் கொண்டுசெல்லும் பிக்கு களவுக் குற்றத்துக்கு உள்ளாகிறார். பொருளின் மதிப்பு ஐந்து மாசகம் ஆயின் துறவற நிலையையே இழக்கிறார். தம் பையில் பிறர் ஒளித்து வைத்ததை அறியாது சென்றவருக்கோ குற்றமில்லை. எண்ணமே குற்றத்தின் வேர் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. இரண்டாம் சீலம் இருபுறமும் கூர்மையுடையது: ஏய்ப்பவனையும் அது கண்டிக்கிறது, உரிமையின்றிப் பறிப்பவனையும் கண்டிக்கிறது.

இன்று நாம் செய்யத் தக்கது

‘வரி கட்டுவோர் நாங்கள், சலுகை பெறுவோர் நீங்கள்’ என்று நம்மைப் பார்த்துச் சிலர் பேசுவர். அப்பேச்சுக்குத் தலைகுனிய வேண்டாம். உப்பு உண்ணாத ஏழையில்லை என்பதனால் அன்றோ, வெள்ளையர் உப்பின்மீது விதித்த வரி கூலிக்காரனையும் விடவில்லை. 1930-இல் நாடே அதை எதிர்த்து எழுந்தது. இன்றும் வருமான வரி கட்டாதவன் பலப்பல பொருள்களை வாங்கும்போது, விலையோடு சேர்த்து வரியையும் செலுத்துகிறான். 2017 ஜூலை முதல் நாளிலிருந்து சரக்கு-சேவை வரி என்னும் பெயரால் இது வசூலிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாததால் அது இல்லையென்று ஆகாது.

சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று, பாபாசாகேப் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்பின் 265-ஆம் பிரிவு விதிக்கிறது. மகாசம்மதர் காலத்துச் சம்மதம் இன்று வாக்குச் சீட்டாக நம் கையில் உள்ளது. ஆகவே நேர்மையாகச் செலுத்துவோம். ரசீது கேட்டுப் பெறுவோம். கிராம சபையிலும் நகர மன்றத்திலும் நம் தெருவுக்கு என்ன செய்யப்பட்டது என்று கணக்குக் கேட்போம். வசூலிக்க வரும் ஊழியரை இழிவாகப் பேசுதல் வேண்டாம். அவரும் கூலிக்கு உழைப்பவரே. பகையை விடுவோம், கேள்வியை விடாதிருப்போம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மகாசம்மதர் வரலாற்றின்படி வரி முறையானதாக இருக்க வேண்டுவன யாவை?
2. லும்பினியில் அசோகர் செய்த மாற்றம் யாது?
3. வரியின்மேல் நமக்குள்ள வெறுப்பில் நியாயம் எவ்வளவு, லோபம் எவ்வளவு? ஒவ்வொருவரும் தனித்திருந்து எண்ணுக.