முதுமையில் எங்கே குடியிருப்பது?

அல்லாஹ்வைப் புகழ்ந்து, பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத் சொல்லித் தொடங்குகிறேன்.



"மகன் சென்னையில், மகள் திருச்சியில். நானும் வீட்டுக்காரியும் இனி எங்கே இருப்பது ஹஜ்ரத்?" ஜும்ஆ முடிந்ததும் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் வளைகுடாவில் உழைத்தவர்கள். வேலை முடிந்தால் விசாவும் முடிகிறது. ஊருக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பி வந்தால் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இல்லை.

இதற்கு மார்க்கம் என்ன வழி காட்டுகிறது?

பிள்ளைதான் அழைக்க வேண்டும்

நபி யஃகூப் (அலை) அவர்கள் வயதான காலத்தில் ஊரை விட்டு மிஸ்ருக்குக் குடிபெயர்ந்தார்கள். மகனைத் தேடித் தாமாகப் போய் நிற்கவில்லை. நபி யூசுஃப் (அலை) அவர்கள்தான் குடும்பத்தார் அனைவரையும் அழைத்து வரச் சொன்னார்கள். பெற்றோர் வந்ததும் தம்மோடு அணைத்துக்கொண்டார்கள். அரியணையில் ஏற்றி அமர்த்தினார்கள். சூரா யூசுஃபின் 93, 99, 100 வசனங்களைப் பாருங்கள்.

வாலிபர்களே! உங்கள் வாப்பா வாய் திறந்து கேட்கமாட்டார். சம்பாதித்துக் கொடுத்தே பழகிய கை அது. அவர் கேட்கும் நிலைக்கு வரும் முன் நீங்கள் அழையுங்கள். பெற்றோருக்குச் "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்ற 17:23 வசனத்தில் "இன்தக்க" என்றொரு சொல் வருகிறது. "உன்னிடத்தில்" என்று பொருள். முதுமை அவர்களை அடையும்போது அவர்கள் உன்னிடத்தில் இருப்பார்கள் என்பதை அந்தச் சொல் உணர்த்துகிறது. மாதாமாதம் பணம் அனுப்புவது நல்ல காரியம்தான். ஆனால் அது "உன்னிடத்தில்" ஆகாது.

பக்கத்தில் இருந்தால் போதும்

பக்கத்தில் என்றால் ஒரே கூரையின் கீழ்தான் என்று நினைக்க வேண்டாம். அலீ (ரலி) அவர்கள் ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தபோது அமைந்த வீடு பெருமானாரின் வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி இருந்தது. மகள் அருகில் இருக்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) விரும்பினார்கள். ஹாரிஸா இப்னு நுஃமான் (ரலி) அவர்களிடம் கேட்கலாமே என்றார் மகள். அவர் ஏற்கெனவே பலமுறை நமக்காக வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டார், இனியும் கேட்க வெட்கமாக இருக்கிறது என்றார்கள் பெருமானார். செய்தி காதில் விழுந்ததும் ஹாரிஸா தாமே வந்து, தம் வீட்டை மனமுவந்து கொடுத்தார். தபகாத் இப்னு ஸஅதில் பதிவான செய்தி இது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. பிள்ளையின் அருகில் இருக்க ஆசைப்படுவது பலவீனம் அல்ல. அருகில், ஆனால் தனி வீட்டில், தனி அடுப்போடு இருந்தால் மாமியார் மருமகள் இருவருக்கும் நிம்மதி.

சொத்தை எழுதும் முன்

நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஊர் வீட்டை விற்று, மகன் பக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கி, அதை அவன் பெயரிலேயே பதிந்துவிடுகிறோம். மற்ற பிள்ளைகளின் நிலை என்ன? நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டார்கள் பெருமானார் (ஸல்). இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கச் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்).

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். பல மகள்களுக்குக் கொடுத்து முடித்த வாப்பாவுக்குக் கடைசியில் சொந்தமாக ஓர் அறைகூட மிஞ்சாமல் போவதுண்டு. உயிரோடு இருக்கும்வரை உங்கள் தலைக்கு மேல் உள்ள கூரை உங்கள் பெயரில் இருக்கட்டும். எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். அப்படி எழுதிய சொத்தை, கவனிக்காத நிலையில் ரத்து செய்யக் கோருவதற்கு 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது.

முடிவெடுக்கும் முன்

முதலில் மனைவியிடம் மஷூரா செய்யுங்கள். உங்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. ஐந்து நேரமும் நாலு பேரைப் பார்ப்பீர்கள். அவருக்கோ தெருவும் உறவும்தான் உலகம். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்று போய்விட்டால், பகல் முழுவதும் நாலு சுவருக்குள் அவர் யாரோடு பேசுவார்?

எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருக்கிறதா, மருத்துவர் அருகில் உண்டா, படியேறாமல் வீட்டுக்குள் போக முடியுமா, அண்டை வீட்டார் எப்படி என்று பாருங்கள். ஊர் வீட்டை விற்காமல் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். இஸ்திகாரா தொழுங்கள்.

"என் கபுரு ஊரிலேயே இருக்கட்டும்" என்று பிடிவாதமாகத் தனியே கிடப்பவர்களும் உண்டு. எந்த ஆத்மாவும் எந்த மண்ணில் மரணிக்கும் என்பதை அறியாது என்பது 31:34 வசனத்தின் கருத்து. ஆகவே கபுருக்கு இடம் தேடாதீர்கள். ஸலாம் சொன்னால் பதில் சொல்ல ஆள் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் முதுமையைப் பிறருக்குச் சுமையாக்காமல், பிள்ளைகளின் கண்குளிர்ச்சியோடு வாழ்ந்து ஈமானோடு மரணிக்கும் பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.