நிழலாட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு

புரொஜெக்டர், ஓவியம், தோல்பாவை மூன்றையும் ஒரே திரையில் கொண்டுவரப் போகிறோம் என்கிறீர்கள். செய்யுங்கள். அதற்கு முன் இதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. விளக்கை முதலில் பழகுங்கள், பாவை பிறகு. பல சிப்புகள் கொண்ட எல்.இ.டி. ஒரே பாவைக்கு ஐந்தாறு நிழல் காட்டும். விளிம்பு கூராக விழ, வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். "கேரளத் தோல்பாவைக்கூத்தில் 21 விளக்கு வைக்கிறார்களே?" என்று ஒரு தம்பி மடக்கினான். அங்கே கூத்துமாடம் என்ற மேடையில் பாவை திரையை ஒட்டியே நிற்கும். அதனால் நிழல் சிதறாது. (அவர்கள் பாடுவது கம்பன் பாட்டு. ஒருமுறையாவது பாலக்காட்டுப் பக்கம் போய் விடிய விடிய உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.)

2. புரொஜெக்டர் படமும் விளக்கும் ஒன்றையொன்று தின்னும். நான் பட்ட பாடு இது: இலங்கை எரிவதைத் திரையில் ஓடவிட்டு, பின்னால் ஹாலஜன் விளக்கு வைத்து அனுமனை ஆட்டினேன். நிழல் விழுந்த இடத்தையெல்லாம் புரொஜெக்டர் தன் நெருப்பால் நிரப்பிவிட்டது. முன்வரிசைக்கே அனுமன் தெரியவில்லை. அப்புறம்தான் புத்தி வந்தது. புரொஜெக்டரையே விளக்காக வைத்துக்கொள்ளுங்கள். பாவை ஆடும் இடத்தை வெள்ளையாக விட்டு வரையுங்கள். ஓவியம் படித்தவர்களுக்கு இது வலிக்கும். வலிக்கட்டும்.

3. திரைக்குப் பின்னாலிருந்து காட்டினால் இடம் வலமாகும். எழுத்து இருந்தால் படத்தைத் திருப்பிப் போடுங்கள்.

4. தோலுக்கு அவசரம் வேண்டாம். ஆட்டுத்தோலில் சாயம் வெளிச்சத்தில் மின்னுகிற அழகு வேறெதிலும் வராது. ஆனால் ஒரு வெட்டு பிசகினால் தோல் போனது போனதுதான். அட்டையில் கை படியட்டும். ஜெர்மன் கலைஞர் லோட்டே ரைனிகரின் 'இளவரசன் அக்மத்' (1926) என்ற முழுநீள நிழலுருப் படமே அட்டையும் ஈயத் தகடும் வெட்டிச் செய்ததுதான். அதற்கே மூன்று வருஷம் பிடித்தது.

5. குரலைப் பதிவு செய்து ஓட்டாதீர்கள். நம் ஊர்க் கூத்தில் ராமனுக்கும் சூர்ப்பனகைக்கும் ஒரே ஆள்தான் பேசுவார். நடுவே கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து உள்ளூர் வம்பை இழுப்பார்கள். கூட்டம் சிரித்து ஓயும்வரை பாவை காத்திருக்கும். லேப்டாப் காத்திருக்காது.

6. மாற்று பல்பு இரண்டு கையில் இருக்கட்டும். ஹாலஜன் பல்பை ஆறிய பிறகும் துணியால்தான் பிடிக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்டால் சீக்கிரம் போய்விடும்.