உருளைக்கிழங்கு வாஃபிள் லேசா வரணுமா? அக்கா சொல்றேன்

வாஃபிள் மேக்கர் வாங்கியாச்சு. தேனும் சாக்லேட் சிரப்பும் ஊத்தின இனிப்பு வாஃபிள் அலுத்தும் போச்சு. காரமா ஒண்ணு பண்ணிப் பார்க்கலாம்னு கிழங்கை மசிச்சு மாவுல கலந்து ஊத்தினா, வெளிய கருகி, உள்ள கொழகொழன்னு, தட்டுல வெச்சா 'தொப்'புனு விழுது. உடனே எல்லாரும் பண்ற காரியம், அடுத்த ஈடுக்குப் பேக்கிங் பவுடரை இன்னும் ஒரு ஸ்பூன் சேர்த்துக் கொட்டறது. வேண்டாம்டி. அதுல சோப்பு வாடைதான் மிஞ்சும். உருளைக்கிழங்கோட எடையில ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணி. அந்தத் தண்ணியை எவ்வளவு வெளியேத்தறோமோ, அவ்வளவுக்கு வாஃபிள் லேசாகும். நான் சொல்லப்போற எல்லாமே இதைச் சுத்தித்தான்.

முதல்ல கிழங்கு. கட்டை விரலால தேய்ச்சாலே தோல் உரிஞ்சு வர்ற புதுக் கிழங்கு குருமாவுக்கு நல்லா இருக்கும், வாஃபிளுக்கு ஆகாது. தண்ணி அதிகம், வெந்தாலும் மசியாம வழவழன்னு நிக்கும். தோல் தடிச்ச பழைய கிழங்கா, வெந்ததும் தோல் வெடிச்சு மாவா உதிர்ற ரகமாப் பார்த்து வாங்கு. கடைக்காரர்கிட்ட "போண்டாவுக்கு வேணும்"னு கேட்டாலே புரிஞ்சு எடுத்துக் கொடுப்பார். சிப்ஸ் போடறதுக்குன்னே சிம்லாவுல இருக்கற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் கொண்டு வந்த 'குஃப்ரி சிப்சோனா' ரகம் கிடைச்சா விடாதே. மாவுச்சத்து கூட, சர்க்கரை கம்மி.

சந்தேகமா இருந்தா ஒரு சோதனை இருக்கு. 11 கப் தண்ணில 1 கப் உப்பைக் கரைச்சு, கிழங்கை அதுல போடு. மாவுக் கிழங்கு கனம், அடியில போய் உட்காரும். தண்ணிக் கிழங்கு மிதக்கும். ஒரே கூடையில வாங்கின கிழங்குலயே நாலு மூழ்கி ரெண்டு மிதக்கும்போது பார்க்க வேடிக்கையாத்தான் இருக்கும். மிதக்கிறதைச் சாம்பாருக்கு ஒதுக்கிடு.

கிழங்கை ஃப்ரிட்ஜுல வைக்காதே. குளிர்ல அதோட மாவுச்சத்துல ஒரு பங்கு சர்க்கரையா மாறிடும். அப்படிப்பட்ட கிழங்குல செஞ்சா, உள்ள வேகறதுக்கு முன்னாடியே வெளிய கரும்பழுப்பு ஏறிடும். பச்சை பூத்தது, முளை விட்டது எதுவும் வேண்டாம். இது வாஃபிளுக்கு மட்டும் சொல்றதில்லை.

அடுத்து வேகவைக்கிறது. நாம என்ன பண்றோம்? அவசரத்துக்குக் கிழங்கை நாலா வெட்டி, முங்கற அளவு தண்ணி விட்டு, குக்கர்ல விசில் விட்டுடறோம். வெட்டின முகம் அத்தனையும் தண்ணியைக் குடிச்சுடும். முழுசா, தோலோட, தட்டுல வெச்சு ஆவியில வேகவிடு. இட்லிப் பானையும் சரிதான், நேரம் மட்டும் கூட ஆகும். கத்தி சுலபமா இறங்கணும், ஆனா கிழங்கு குழையக் கூடாது. வெந்ததும் குக்கருக்குள்ளயே மூடி வைக்காம வெளிய எடுத்து, சூட்டோட தோலை உரிச்சு, அகலமான தட்டுல பரப்பு. அப்போ ஒரு புகை கிளம்பும் பாரு, அது போற தண்ணி. அஞ்சு நிமிஷம் அதைப் போக விடு.

இப்போ மசிக்கிறது. இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடறாங்க. மிக்ஸியில போடாதே, ஒரு சுத்துகூட வேண்டாம். வெந்த கிழங்குக்குள்ள மாவுச்சத்து சின்னச் சின்னப் பைக்குள்ள ஊதிப்போய் உட்கார்ந்திருக்கும். மிக்ஸி பிளேடு அந்தப் பையை எல்லாம் கிழிச்சு, மாவுச்சத்தை வெளிய இழுத்து, போஸ்டர் ஒட்டற பசையா மாத்திடும். அப்புறம் நீ என்ன சேர்த்தாலும் லேசாகாது. இதுக்கு நம்ம வீட்லயே அருமையான சாமான் இருக்கு, சேவை நாழி. இடியாப்ப அச்சைப் போட்டு, கிழங்கு சூடா இருக்கும்போதே தட்டு மேல பிழி. கட்டியே இருக்காது, காத்தாட மெல்லிசு மெல்லிசா விழும். கையும் கரண்டியும் போட்டுப் பிசைய வேண்டிய வேலையும் மிச்சம். வெளிநாட்டுச் சமையல் வீடியோவுல இதுக்குன்னே ஒரு கருவியைக் காட்டி வாங்கச் சொல்லுவாங்க. காசை மிச்சம் பண்ணு. நாழி இல்லையா, மத்தால மேலிருந்து கீழே குத்தி உடை. சுத்திச் சுத்திக் கடையாதே.

பிழிஞ்ச கிழங்கை எண்ணெய் விடாத அடிகனமான வாணலியில போட்டு, சின்னத் தீயில ரெண்டு மூணு நிமிஷம் புரட்டு. வாணலி அடியில வெள்ளையா மெல்லிசாப் படலம் ஒட்ட ஆரம்பிக்கும். கிழங்கு ஒண்ணு சேர்ந்து, ஓரத்தை விட்டு விலகும். அதுதான் கணக்கு, அடுப்பை அணைச்சுடு. இந்த ஒரு வேலையைத்தான் எல்லாரும் தவிர்ப்பாங்க. தண்ணியில ஒரு பங்கு ஏற்கெனவே ஆவியாப் போயிருந்தாலும், மேலே ஒட்டிக்கிட்டிருக்கிற ஈரம் இதுலதான் போகும்.

அளவு சொல்றேன், எழுதிக்கோ. இப்படித் தயார் பண்ணின கிழங்கு 400 கிராம், அதாவது அழுத்தாம அளந்தா சுமார் ரெண்டு கப். மைதா 40 கிராம், அரிசி மாவு 20 கிராம். முட்டை ரெண்டு. கெட்டி மோர் 100 மில்லி. எண்ணெய் ரெண்டு டேபிள்ஸ்பூன். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் தலை தட்டி, ஆப்பசோடா ஒரு சிட்டிகை. உப்பு. இதுல சின்ன சைஸ்ல ஆறு வாஃபிள் வரும். ஆளுக்கு ஒண்ணுன்னா ஒரு டீஸ்பூன் எண்ணெய்தான் கணக்கு, போண்டாவைவிட வயித்துக்கும் லேசு. அதுக்காக எண்ணெயை அறவே நிறுத்திடாதே. மாவுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் இருந்தாதான் வெளிப்பக்கம் மொறுமொறுன்னு வரும், ஒட்டாமலும் எழும்பும்.

மைதாவோட அரிசி மாவு எதுக்குன்னா, மைதா மட்டும் போட்டா ரப்பர் தன்மை வந்துடும். அரிசி மாவுல அந்தப் பிடிப்பு கிடையாது, கரகரப்புதான் உண்டு. பேக்கிங் பவுடர் டப்பா வீட்ல எத்தனை நாளா இருக்குன்னு உனக்கே தெரியாது இல்லையா? அரை ஸ்பூன் எடுத்துக் கொதிக்கிற தண்ணில போடு. புஸ்ஸுன்னு பொங்கினா உயிரோட இருக்கு. சும்மா கரைஞ்சா குப்பைக்கு.

முட்டையை மஞ்சள் தனி, வெள்ளை தனியாப் பிரிச்சுக்கோ. கிழங்கு கொஞ்சம் ஆறினதும் மஞ்சள் கரு, மோர், எண்ணெய் மூணையும் கலந்து, மாவு வகைகளைச் சலிச்சுப் போட்டு, வெள்ளை மாவு கண்ணுல படாமப் போற வரைக்கும் கலந்தாப் போதும். வெள்ளைக் கருவைச் சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்துல அடி. பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், எவ்வளவு தேய்ச்சாலும் எண்ணெய்ப் பிசுக்கு அதுல தங்கும், நுரை எழும்பாது. கரண்டியைத் தூக்கினா நுனி லேசா மடங்கி விழணும், அந்தப் பதத்துல நிறுத்து. முதல்ல ஒரு கரண்டி நுரையைப் போட்டுக் கிழங்கைத் தளர்த்திக்கோ. மீதியை ரெண்டு தடவையாப் போட்டு, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிச் சேரு. அங்கங்க வெள்ளைக் கோடு தெரிஞ்சாலும் பரவாயில்லை. முழுக்கக் கலக்கணும்னு கிண்டினா, அடிச்ச காத்தெல்லாம் போயிடும். மாவு இட்லி மாவைவிடக் கெட்டியா, வடை மாவைவிடத் தளர்வா இருக்கணும்.

முட்டை சேர்க்காத வீடா? தயிரும் சோடாவும் போட்டாப் போதும்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அது திருப்தி இல்லை. கால் கப் உளுத்தம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவெச்சு, ஐஸ் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு வடைக்கு அரைக்கிற மாதிரி பொங்கப் பொங்க அரை. ஒரு சொட்டைத் தண்ணில விட்டா மிதக்கணும். வெள்ளைக் கரு செய்யற வேலையை இந்த நுரை செய்யும். அப்போ மோரைப் பாதியாக் குறைச்சு, அரிசி மாவை ஒரு ஸ்பூன் கூட்டிக்கோ. வாசனையும் வடை வாசனையா வரும், அது ஒரு கூடுதல் லாபம்.

காரத்துக்குப் பொடியா நறுக்கின பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, கரகரப்பாப் பொடிச்ச மிளகு. வெங்காயம் வேணும்னா வதக்கிப் போடு. பச்சையாப் போட்டா உப்பு பட்டதும் தண்ணி விட்டு, இவ்வளவு நேரம் நாம பட்ட பாட்டைக் கெடுத்துடும். உப்பையே கடைசியாச் சேர்த்தா நல்லது. கடுகு தாளிக்கலாம், கடலைப்பருப்பு வேண்டாம், பல்லுல இடறும். சீஸை மாவுக்குள்ள போட்டா கனம் கூடும். தகட்டுல ஒரு ஸ்பூன் துருவித் தூவி, அதுமேல மாவை வெச்சா வெளிப்பக்கம் மொறுமொறுன்னு வலை மாதிரி பிடிக்கும். பிள்ளைங்க அதுக்காகவே இன்னொண்ணு கேப்பாங்க. மசால் தோசைக்குச் செஞ்ச மசாலா மீந்திருந்தா அதையும் இப்படி மாத்தலாம். வாணலியில போட்டு ஈரம் வத்தற வரைக்கும் புரட்டிட்டு, மத்தால உடைச்சு, மேலே சொன்ன அளவுல கலந்துடு. உப்பு ஏற்கெனவே இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.

மேக்கரைப் பத்தி ஒரு வார்த்தை. பெல்ஜியன் வாஃபிள்னு ஆழமான குழி உள்ளதுதான் உசத்தின்னு கடையில விப்பாங்க. கிழங்கு வாஃபிளுக்குக் குழி ஆழமில்லாத தகடுதான் வாகு. மெல்லிசா இருக்கறதால உள்ளேயும் வெந்து, வெளியேயும் முறுகும். சாண்ட்விச் மேக்கரோட மாத்திப் போடற தகடா வருமே, அதுவே தாராளம்.

விளக்கு எரிஞ்சதும் ஊத்தாதே. அது ஒரு தடவை அணைஞ்சு மறுபடி எரியட்டும், தகடு முழுக்கச் சீராச் சூடேறும். பிரஷ்ஷால எண்ணெய் தடவு. ஸ்ப்ரே டப்பா வேண்டாம், பிசுபிசுன்னு படிஞ்சு நான்ஸ்டிக்கைப் பாழாக்கும். இனிப்பு வாஃபிள் மாவு தானா ஓடிப் பரவும், கிழங்கு மாவு வெச்ச இடத்துல நிக்கும். அதனால நடுவுல ஒரு குவியல் வெச்சு, மரக்கரண்டியோட முதுகால மூலை வரைக்கும் இழுத்துவிடு. முக்கால்வாசி நிரம்பினாப் போதும். மூடியை அழுத்தாதே.

மூடின கொஞ்ச நேரத்துல ஓரத்திலிருந்து ஆவி குபுகுபுன்னு வரும். முகத்தைப் பக்கத்துல கொண்டு போகாதே, பிள்ளைங்களையும் தள்ளி நிறுத்து. எவ்வளவு ஆவல் இருந்தாலும் அப்போ திறக்கக் கூடாது. திறந்தா மேல் பாதி மூடியோட, கீழ் பாதி தகட்டோடன்னு ரெண்டாக் கிழியும். மேக்கர் விளக்கு தகட்டோட சூட்டைத்தான் சொல்லுது, உள்ள கிழங்கு வெந்த கதை அதுக்குத் தெரியாது. ஆவியைப் பாரு. அது மெலிஞ்சு, நின்னும் நிக்காமலும் இருக்கும்போது, மூடியை லேசாத் தூக்கிப் பார். தானா விட்டுக்கொடுத்தா வெந்தாச்சு, இழுத்துப் பிடிச்சா இன்னும் ஒரு நிமிஷம். என் கணக்குல அஞ்சிலிருந்து ஏழு நிமிஷம் ஆகும். நிறம் பொன்னிறமா இருந்தாப் போதும், கரும்பழுப்பு வரைக்கும் விடாதே.

எடுத்ததும் தட்டுல வெச்சுட்டா அடியில ஆவி வேர்த்து, அஞ்சே நிமிஷத்துல தொளதொளன்னு ஆயிடும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா அதைவிட மோசம். கம்பி வலை மேல தனித்தனியா வை. கூட்டம் பெரிசுன்னா, 100 டிகிரியில ஓவனைப் போட்டு, செஞ்சது செஞ்சதா அதுக்குள்ள தள்ளிட்டு, எல்லாரும் உட்கார்ந்ததும் பரிமாறு. தேங்காய்ச் சட்னியை மேலே ஊத்தாதே, குழியில எல்லாம் தேங்கி ஊறிடும். பக்கத்துல வை. கெட்டித் தக்காளித் தொக்கோ, நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப் பொடியோ இதுக்குப் பொருத்தம்.

பள்ளிக்கூட டப்பாவுக்கு இதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், மூடின டப்பாவுல மொறுமொறுப்பு நிக்காது. மீந்ததை நல்லா ஆற வெச்சு, தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல உறையவிட்டு, அப்புறம் கவர்ல போட்டுக் கட்டு. இங்கிலாந்துல 'பேர்ட்ஸ் ஐ' கம்பெனியோட கிழங்கு வாஃபிள் 1980கள்லயிருந்து இப்படி உறைஞ்ச நிலையிலதான் விக்குது. அங்க இருக்கற நம்ம பிள்ளைங்க அதை ஃப்ரீசர்லயிருந்து எடுத்து நேரா டோஸ்டர்ல போடுவாங்க. நம்மளதையும் அப்படியே போடலாம், இல்லைன்னா ஏர் ஃப்ரையர்ல 180 டிகிரியில நாலஞ்சு நிமிஷம். மைக்ரோவேவ் மட்டும் வேண்டாம்.

மேக்கரைக் கழுவறேன்னு குழாயடிக்குக் கொண்டு போயிடாதே. பிளக்கைப் பிடுங்கிட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போதே ஈரத்துணியைப் பிழிஞ்சு துடை. குழியில ஒட்டினதைப் பழைய பல் துலக்கற பிரஷ்ஷால எடு. கத்தியோ ஸ்பூன் காம்போ பட்டா கோட்டிங் போச்சு, அடுத்த தடவை எவ்வளவு எண்ணெய் தடவினாலும் வாஃபிள் முழுசா வராது.