வெளியூர்ப் பணம் வீடு வந்து சேர

பழவேற்காட்டு ஏரியும் கடலும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் கொடுப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குக் கடலில் தடை. புயல் நாட்களிலோ சிறு தோணிகளும் கரையேறிவிடும். அப்பொழுதெல்லாம் வெளியூரிலோ அயல்நாட்டிலோ உழைக்கும் மகன் அனுப்பும் தொகையே பல குடும்பங்களில் அடுப்பெரியச் செய்கிறது. அது குறைந்தாலும் தாமதித்தாலும் வட்டிக்குக் கடன் வாங்க நேரும். ஆகவே, எவ்வழியாகப் பணம் அனுப்புவது என்பதை ஆராய்வது அவசியமாகும்.

உள்நாட்டில் இன்று கஷ்டம் குறைவு. 1880-ல் அஞ்சலகம் தொடங்கிய மணியார்டரை நம் முன்னோர் நம்பியிருந்தனர். இன்று வங்கிகளின் ‘நெஃப்ட்’ முறை 2019 டிசம்பர் முதல் இரவும் பகலும், விடுமுறை நாளிலும் இயங்குகிறது. கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையின் 11 எழுத்துக் குறியீட்டையும் பிழையின்றிக் கொடுத்தல் வேண்டும். அக்குறியீட்டில் ஐந்தாவது இருப்பது பூஜ்யம். அதை ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தாகக் கொள்ளலாகாது.

அயல்நாட்டுப் பணத்தில்தான் விழிப்பு தேவை. “கட்டணமே இல்லை” என்னும் விளம்பரத்தைக் கண்டு மயங்குவோர் பலர். ஓர் உதாரணம் கூறுவோம். சிங்கப்பூரிலிருந்து மகன் 500 டாலர் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் கட்டணம் வாங்காமல் டாலருக்கு 64 ரூபாய் தருகிறது. வீட்டுக்கு வருவது 32,000 ரூபாய். மற்றொன்று 5 டாலர் கட்டணம் பிடித்து, டாலருக்கு 65 ரூபாய் தருகிறது. வருவது 32,175 ரூபாய். கட்டணம் கேட்டவரே அதிகம் கொடுத்தார்! கட்டணத்தை மட்டும் கேளாமல், “என் வீட்டார் கையில் எத்தனை ரூபாய் சேரும்?” என்றே கேட்க வேண்டும். அனுப்பும் செலவை 2030-க்குள் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழாகக் குறைப்பது ஐக்கிய நாடுகள் சபையின் குறிக்கோள். அதற்கு மேல் கேட்பவரிடம் காரணம் வினவலாம்.

வங்கிக் கணக்கு இல்லாதோர் முகவரிடம் ரொக்கமாகப் பெறுவதுண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இம்முறையில் ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர் வரையே வரலாம். ரொக்கமாக 50,000 ரூபாய்க்கு மேல் தரப்படமாட்டாது. ஆதார் அட்டையிலுள்ள பெயரும் அனுப்பியவர் எழுதிய பெயரும் ஒத்திராவிடில் பணம் நின்றுவிடும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னே வருமா பின்னே வருமா என்பதால் விளையும் தொல்லை கொஞ்சமன்று.

உண்டியல்காரரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாசலுக்கே வந்து, சற்று அதிகமாகவும் தருகிறார். இதில் கவர்ச்சி இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் இது 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு விரோதமானது. ரசீது கிடையாது, பணம் வாராவிடில் முறையிட இடமுமில்லை. முன்பின் அறியாதவர் பெயரிலிருந்து கணக்கில் தொகை விழுந்து, அது குற்றப்பணமென்று பின்னர் ஐயம் எழுந்தால், கணக்கே முடக்கப்படலாம். அடுப்புக்கு வந்த பணம் அப்படியே அகப்பட்டுக்கொள்ளும்.

வங்கிக் கணக்கில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் எதுவும் தேவையில்லை. கேட்பவன் மோசக்காரனே. ஏமாந்தவர் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். வங்கியில் எழுத்துமூலம் கொடுத்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வாராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். மனு எழுத அறியாத தாய்மார்களுக்கு வார்டு உறுப்பினர்களே எழுதிக் கொடுக்கலாம். ரசீதின் நகலை இணைக்க மறக்கலாகாது.