மாம்பழத்திற்கு மெழுகா, நானோ கரைசலா?

மரம் நிறையக் காய்த்த ஆண்டில் விலை இருப்பதில்லை என்பது மா விவசாயிகளின் பழைய குறை. ஒரு வட்டாரத்துக் காய்கள் எல்லாம் இரண்டு, மூன்று வாரத்திற்குள் முற்றிவிடுகின்றன. பறித்த காய் ஒரு வாரம், பத்து நாளில் பழுத்துவிடும். வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுப்பதைத் தவிர சிறு தோப்புக்காரருக்கு வேறு வழியில்லை.

பழத்தைக் காக்க வழக்கத்தில் உள்ளவை வெந்நீர் நேர்த்தியும் மெழுகுப் பூச்சும் ஆகும். 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தி எடுத்தால் தோலில் கரும்புள்ளி உண்டாக்கும் பூசணம் கட்டுப்படும். ஆனால் பழுப்பது நிற்காது. மெழுகு, தோலிலுள்ள நுண்துளைகளை அடைத்து நீர் ஆவியாவதையும் சுவாசத்தையும் குறைக்கிறது, பளபளப்பும் தருகிறது. பூச்சு சற்றுக் கனமானால் உள்ளே காற்று கிடைக்காமல் சதை புளித்து சாராய வாடை வீசும். மேலும், கழுவி, பூசி, உலர்த்த சிப்பம் கட்டும் கூடம் வேண்டும். அது எத்தனை விவசாயிகளிடம் இருக்கிறது?

2012-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஹெக்சனால் என்ற பொருளை ஆராய்ந்தது. புல்லை அறுக்கும்போது வரும் பச்சை வாடையில் இதுவும் உண்டு. செடிகளே உண்டாக்கும் பொருள்தான். பழம் பழுக்கும்போது ஒரு நொதி, செல்களின் மெல்லிய சவ்வைச் சிதைக்கிறது. அதனால் பழம் இளகுகிறது. ஹெக்சனால் அந்த நொதியின் வேலையை மட்டுப்படுத்துகிறது. மெழுகு வெளிக்கதவை அடைக்கிறது. இது உள்ளே சென்று வேலை செய்கிறது.

ஹெக்சனால் தண்ணீரில் எளிதில் கலக்காது, விரைவில் ஆவியாகிவிடும். எனவே அதை மிக நுண்ணிய துளிகளாக்கிப் பால்போன்ற கரைசலாகத் தயாரிக்கின்றனர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. துளி சிறுத்தால் தோலில் சீராகப் படியும், உள்ளே இறங்குவதும் எளிது.

அறுவடைக்கு 30 நாள் முன்பு ஒரு முறையும், 15 நாள் முன்பு மறுமுறையும், லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி கரைசல் வீதம் காய்கள் நன்கு நனையத் தெளிக்க வேண்டும். கைத்தெளிப்பானே போதும். சோதனைகளில் காய்கள் மரத்திலேயே கூடுதலாக இரண்டு, மூன்று வாரம் வரை நின்றன. பறித்தபின் கரைசலில் அமிழ்த்துவதும் உண்டு. ஆயினும் சிறு விவசாயிக்கு மரத்தில் தெளிப்பதே அதிகம் பயன்படும். விற்கும் நாளைத் தள்ளிப்போட முடிகிறது அல்லவா!

தோப்பு முழுவதற்கும் ஒரே சமயத்தில் தெளிப்பது சரியல்ல. மரத்தில் நிற்கும் காய்க்குக் கோடைச் சூறைக்காற்றின் ஆபத்து உண்டு. பாதி மரங்களுக்கு மட்டும் தெளித்தால் அறுவடை இரண்டாகப் பிரியும். முதல் ஆண்டில் நாலைந்து மரங்களில் பார்த்துக்கொள்வது நலம்.

பழ ஈக்கு இது மருந்தல்ல. இனக்கவர்ச்சிப் பொறி வைத்தே தீர வேண்டும். உலுக்கி விழுந்து அடிபட்ட காயையும் இது காப்பாற்றாது. காம்புடன் பறித்து, பால் தோலில் படாமல் வடியவிட வேண்டும். தாமதமாகப் பறித்த காயை அவசரமாகப் பழுக்க வைக்கக் கார்பைடு கல்லைத் தொடக்கூடாது. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது.

புட்டியில் "நானோ" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். ஹெக்சனால் எத்தனை சதம் என்று குறித்திருக்கிறதா என்று பார்த்து, அளவை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் உறுதி செய்துகொள்ளவும்.